ஷூவுக்கு ஏசி போட்ட கதை

காலை பத்து நாற்பத்திரண்டு.

மணியை இவ்வளவு கச்சிதமாக எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? அப்போது டேஷ்போர்டைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் காவேரிப்பாக்கம் ஏரியைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஏசியிலிருந்து ஜில்லென்று வந்துகொண்டிருந்த காற்று சுமாராயிற்று. சுமார், வெதுவெதுப்பாயிற்று. அப்புறம் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முகத்தில் கொட்டாவி விடுகிற மாதிரி...

"ம்மா, ஏசிய கூட்டு" என்றாள் பவித்ரா, பின் சீட்டிலிருந்து.

கூட்டுவதற்கு இடம் ஏது? ஏற்கெனவே கடைசி நம்பரில்தான் இருந்தது.

மே மாதத்தில் கார் ஏசி படுத்துவிடுவது உலக அதிசயமா என்ன? கண்ணாடியை இறக்கிவிட்டு, துப்பட்டாவால் விசிறிக்கொண்டு போய்ச் சேரவேண்டியதுதானே? சரிதான். ஆனால் அன்றைக்கு அந்த ஏசி எங்களுக்காக ஓடவில்லை. முன் சீட்டில், சீட் பெல்ட் போட்டு, அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஜோடி லேடீஸ் ஷூ உட்கார்ந்திருந்தது. காரில் இருந்த எல்லா ஏசி துவாரங்களும் அதன் பக்கம் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஓட்டுகிற எனக்கு ஆம்பூரிலிருந்தே வேர்வைதான்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் மகளைத் தெரியும். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் சாம்பிள் ரூமில் வேலை. இரண்டு வருஷமாக மற்றவர்கள் வரைந்த டிசைனைத் தைக்க வைத்துக்கொண்டிருந்தவள். இந்தத் தடவைதான் முதன்முதலாக அவள் வரைந்த ஷூ, அவள் பெயரிலேயே, வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிற பையரிடம் போகிறது. தேன் நிறத் தோல். முன்பக்கத்தில் புளிய இலை மாதிரி சின்னச் சின்னதாகத் துளைகள். பையர் சென்னையில் ஒரே ஒரு நாள்தான் இருப்பார். பகல் ஒரு மணிக்குப் பார்க்கிறார். பிடித்தால் ஆர்டர். பார்க்காவிட்டால் அடுத்த சீசன்... அதாவது அரை வருஷம் காத்திருக்கவேண்டும்.

சரி, அதற்கு ஏசி எதற்கு?

எங்கள் ஊரில் டீக்கடையில் கேட்டால்கூடச் சொல்வார்கள். முந்தின நாள் செய்த ஜோடியைச் செக்கிங்கில் கழித்துவிட்டார்கள். புது ஜோடிக்கு சோல் ஒட்டியதே அன்று காலை ஏழு மணிக்கு. அந்தப் பசை நன்றாக இறுகுவதற்கு ஒரு நாள் ஆகும். அதற்குள் சூடு பட்டால் பசை இளகி, சோல் வாய் பிளந்துவிடும். வாய் பிளந்த ஷூவை பையரிடம் காட்டுவதைவிட வெறுங்கையோடு போகலாம்.

இப்படி ஒரு நாள் வரலாம் என்று அவள் நாலு நாள் முன்பே புலம்பியிருந்தாள். ஃபேக்டரி வண்டியில் ஏசி கிடையாது. நான் உடனே, "நம்ம கார் எதுக்கு இருக்குது?" என்றேன். அந்தக் காரில் போன கோடையிலிருந்து அனல்தான் வருகிறது என்பது ஞாபகம் வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

பிள்ளைகளின் பயத்துக்கு நம்மிடம் ஸ்பேர் பார்ட் இல்லை. அதனால்தான் நாம் காரை ரிப்பேர் பண்ணுகிறோம் என்று நினைக்கிறேன்.

பைபாஸ் ஓரமாக ஷெட் போட்டிருக்கும் இம்தியாஸ் பாயிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கேஸ் ஏற்றினால் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. பாய் பானெட்டைத் திறந்து, சோப்புத் தண்ணீரை அங்கங்கே தெளித்தார். ரேடியேட்டருக்கு முன்னால் வலை மாதிரி ஒன்று இருக்கிறது, கண்டென்சர். அதில் ஒரு மூலையில் முட்டை முட்டையாக நுரை கிளம்பியது.

"கல்லு அடிச்சிருக்குது மேடம். கேஸ் போட்டா ரெண்டு நாள்ல போய்டும். இத மாத்தணும்."

பாவம் அந்தக் கண்டென்சர். ஹைவேயில் லாரி டயர் தெறிக்கவிடுகிற ஒவ்வொரு கல்லுக்கும் அதுதான் முதலில் நெஞ்சைக் காட்டுகிறது. அப்புறம் டேஷ்போர்டுக்கு உள்ளே இருந்த காற்று ஃபில்டரை உருவினார். அதில் இருந்ததையெல்லாம் எழுதினால், சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என்னோடு பேசமாட்டீர்கள். வேப்பிலைச் சருகு, தோல் தூசி, ஏதோ ஒரு பறவையின் இறகு, பவித்ரா பள்ளிக்கூடம் போன காலத்துச் சாக்லேட் தாள்... இத்தனையையும் தாண்டி வந்த காற்றைத்தான் நாங்கள் சுவாசித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ரிப்பேராக இருந்தாலும், கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். எதற்கு? தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திருந்து பழைய இரும்புக்காரரிடம் போடுவேன். ஆனால் வாங்காமல் வந்தால் தூக்கம் வராது. அன்றும் பாயின் தலைமாட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அது பழசா, இது புதுசா, அந்த ரப்பர் எங்கே, இந்த ஸ்க்ரூ எங்கே... பாய் பொறுமைசாலி. கழற்றுவதை எல்லாம் ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டே வந்தார். மாலையில் கேஸ் ஏற்றி, ஏசியைப் போட்டுக் காட்டினார். மேட்டூர் அணையைத் திறந்துவிட்ட மாதிரி காற்று. கோணியை டிக்கியில் வைத்தார். சந்தோஷமாக வந்தேன்.

அந்தச் சந்தோஷம்தான் காவேரிப்பாக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தி பாய்க்குப் போன் போட்டேன். பானெட்டைத் திறந்து, கண்டென்சரில் பைப் சேருகிற இடத்தைப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் கசிந்த மாதிரி ஈரமாக இருந்தது. கேஸ் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது என்றார். ஆனால் அங்கே புது ரப்பர் வளையம் போட்டேனே என்று அவருக்கே சந்தேகம். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அந்தக் கோணி டிக்கிலதான் இருக்குதா?"

இருந்தது. அவிழ்த்தேன். பழைய கண்டென்சர், கறுத்துப்போன ஃபில்டர்... அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர். அதற்குள்ளே பச்சைப் பசேலென்று, பளபளவென்று, ஒரு புத்தம்புது ரப்பர் வளையம்.

புதுசு கோணியில் இருக்கிறது என்றால் பழசு எங்கே இருக்கும்?

பாய் ரொம்ப மரியாதையான மனிதர். தப்பு தன்னுடையதுதான் என்று நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவைதான் மனசு தாங்கவில்லை. "நீங்களும் பக்கத்துலயே குந்திக்கினு அது குடு இது குடுன்னு பேஜார் பண்ணிட்டீங்களே மேடம்..." என்று இழுத்தார். கேஸ் ஏற்றுகிற மெஷினோடு கிளம்பி வருகிறேன், ஆனால் சாயங்காலம் ஆகிவிடும் என்றார்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பவித்ரா ஷூவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் ஷூ. உள்பக்க வளைவில், சோலுக்கும் தோலுக்கும் நடுவில், மயிரிழை மாதிரி ஒரு கோடு.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்காவது ஒரு வேலை இருந்திருக்கும்.

தலையிலிருந்து ஹேர்பேண்டை உருவி ஷூவைச் சுற்றி இறுக்கினாள். கையை நீட்டினாள். என்னுடையதையும் கழற்றிக் கொடுத்தேன். இனிமேல் குலுங்கக் கூடாது, ஜில்லென்று ஒரு இடத்தில் இரண்டு மணி நேரமாவது அசையாமல் இருக்கவேண்டும், அப்போதுதான் திரும்பப் பிடிக்கும் என்றாள். அப்படியானால் ஒரு மணி மீட்டிங்?

மெதுவாக ஊருக்குள் ஓட்டினேன். ஒரு ஜூஸ் கடை தென்பட்டது. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃப்ரிட்ஜ்.

"அதுல வைக்கக் கேக்கட்டுமா?"

"அது ஷூம்மா. தயிர் இல்ல."

ஈரம் பட்டால் தோலில் கறை விழுந்துவிடுமாம். அதற்கு அடுத்த கட்டடத்தில்தான் பார்த்தேன் – ஒரு ஏடிஎம். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு காற்று... ஒரு மிஷினுக்கு இவ்வளவு குளிர்ச்சி எதற்கு என்று நான் முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இனி நினைக்கமாட்டேன்.

மிஷினுக்குப் பக்கத்துத் திட்டில், நேராக ஏசிக்குக் கீழே, ஷூவை வைத்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். நல்ல மீசை.

"இன்னாம்மா இது, செருப்ப உள்ள வச்சிக்கினு?"

விளக்கினேன். பசை, சூடு, சோல், சென்னை, பையர். முழுவதும் கேட்டுவிட்டு, மிஷினில் வேலை இருக்கிறவர்கள் மட்டும்தான் உள்ளே நிற்கலாம், அதுதான் ரூல் என்றார். ரூல்தானே? கார்டை எடுத்து மினி ஸ்டேட்மென்ட் போட்டேன். அவர் அடுத்த தடவை எட்டிப் பார்த்தபோது இன்னொன்று போட்டேன். என் கணக்கில் அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்பதை அந்த மிஷின் திரும்பத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தது. கடைசியில் பேப்பர் தீர்ந்துபோயிற்று. அதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன், "வுடும்மா, இருந்துட்டுப் போங்க" என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

பணம் எடுக்க வந்தவர்களெல்லாம் ஷூவைப் பார்த்தார்கள். அப்புறம் தலைவிரி கோலமாக நிற்கிற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். வயலிலிருந்து நேரே வந்த ஒருவர், இன்னா வெலை என்று விசாரித்தார். விற்பதற்கில்லை என்றதும், பின்ன இன்னாத்துக்கு கடை வச்சிருக்கீங்க என்று கோபித்துக்கொண்டார். ஒரு அம்மா பூசை ஏதாவதா என்று கேட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே பணத்தை எண்ணினார். தலைக்கு மேலே கேமரா. அந்தப் பேங்கில் யாராவது அன்றைய பதிவைப் போட்டுப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பவித்ரா மெசேஜ் அனுப்பியிருந்தாள்; மத்தியானம் சென்னையிலிருந்து ஃபேக்டரி மேனேஜர் போன் பண்ணினார். பவித்ரா "சரிங்க சார்... சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மீட்டிங் முடிஞ்சிடுச்சாம். அடுத்த சீசன் பாத்துக்கலாம்மா."

எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ரப்பர் வளையம் என்ன பெரிய சைஸா? மோதிரம் அளவு. அந்த மோதிரத்தை மாற்றிப் போட வைத்தது யார்? ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நான்தானே?

அவளிடமே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ இல்லன்னா நான் இத சென்னை பஸ்லதான் எடுத்துக்கினு போயிருப்பேன். வாணியம்பாடிக்காரங்க மடியில வச்சி, ஓசூர்காரங்க மேல சாஞ்சி... கூழாயிருக்கும். சும்மா இரும்மா."

சும்மா இருந்தேன். இரண்டு மணி நேரம் தாண்டியதும் அவள் எழுந்து ஹேர்பேண்டைத் தள்ளிப் பார்த்தாள். கோட்டைக் காணோம். கட்டை விரலால் அழுத்தினாள். நகத்தால் நெருடினாள். ஒட்டியிருந்தது. ஒட்டி என்ன செய்ய?

அப்போதுதான் மேனேஜரிடமிருந்து மறுபடியும் போன். பையர் தோல் பார்ப்பதற்காக ராணிப்பேட்டை கிளம்பியிருக்கிறார், நானும் கூட வருகிறேன், வழியில்தான் காவேரிப்பாக்கம், கேட்டுப் பார்க்கிறேன், அவர் நிறுத்துவாரா என்று மட்டும் கேட்காதே. இவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் அந்த ரோட்டில் வந்த ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் நான் கதவைத் திறந்து மூடினேன். "ம்மா, கதவ மூடு, ஜில்லு போவுது" என்று ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கினேன்.

மூன்றரை மணி வாக்கில் ஒரு கார் நின்றது. மேனேஜர் இறங்கினார். பின்னாலேயே ஒரு நெட்டை மனிதர், வெள்ளைத் தலை, வெயிலில் சிவந்துபோன மூக்கு. வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தார். வைத்துவிட்டு, "ஒருத்தர்தான் உள்ள போவணும்" என்று மேனேஜரை வெளியிலேயே நிறுத்திவிட்டார். ரூல்.

பையர் குனிந்து உள்ளே வந்தார். ஏடிஎம் மிஷினைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வலது ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தார். இடதை எடுத்தார். அவசரத்தில் பவித்ரா கழற்ற மறந்த என் ஹேர்பேண்ட் இன்னும் அதைச் சுற்றியிருந்தது. அதை உருவி, ரொம்ப மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

அப்புறம் ஷூவை இரண்டு கையாலும் பிடித்து, கிட்டத்தட்ட பாதியாக வளைத்தார். பவித்ரா என் முழங்கையைப் பிடித்த இடம் இன்னும் வலிக்கிறது. சோல் அசையவில்லை. புளிய இலைத் துளைகளின்மேல் விரலை ஓட்டினார். கடைசியாக ஷூவுக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்கவேயில்லை. வெளியே அனலில் வந்தவர், கண்ணைக்கூட லேசாக மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

கதவுக்கு வெளியே நின்ற மேனேஜரைப் பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஆங்கிலத்தில் சொன்னார்:

"இதைக் கோடை சீசனுக்கு எடுத்துக்கொள்கிறேன். காலுக்கு என்ன ஒரு குளிர்ச்சி."