ஒரு மாதத்துக்குத்தான் என்று சொன்னேன்

ஒரு மூதாட்டியைப் பொய் சொல்லி அவருடைய வீட்டிலிருந்து வெளியே அழைத்து வந்தேன். இனி அவர் அங்கே திரும்ப முடியாது என்று தெரிந்தேதான் அழைத்து வந்தேன்.

வீட்டை இடித்தது நான் அல்ல. இடிக்கச் சொன்னதும் நான் அல்ல. இத்தனை வருடமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷமீம். ஊர் கோவளம். நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய பங்களாவில், ரூபி அம்மா என்கிற விதவைக்குத் துணையாக வேலை பார்த்தேன். குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, செய்தித்தாள் படித்துக் காட்டுவது, மாலையில் கையைப் பிடித்துத் தோட்டத்தில் நடத்துவது… இவைதான் என் வேலை.

வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் தனக்காகக் கட்டிய வீடு அது. அவர் கப்பலேறியபோது ரூபி அம்மாவின் மாமனார் வாங்கினாராம். உயரமான தூண்கள், பச்சை மரச்சட்டம் போட்ட சன்னல்கள், கார் வந்து நிற்க முகப்பு, வாசலில் தூங்குமூஞ்சி மரம். தெருவுக்கு இன்னமும் ஓர் ஆங்கிலேயன் பெயர்தான். ஒரு காலத்தில் தெரு முழுக்க இப்படிப்பட்ட வீடுகளே இருந்தன என்பார் அம்மா. நான் போனபோது மிஞ்சியிருந்தவை இதுவும் எதிர்வீடும்தான். மற்ற இடங்களில் கண்ணாடி பதித்த அடுக்குமாடிகள் வந்துவிட்டன.

வீடு மகன் பெயரில் இருந்தது. அவர் பெயர் ஜெயசிங். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இடித்துக் கட்ட நெடுநாளாக ஆசைப்பட்டார். அம்மாவோ, "நான் போனப்புறம் என்னவோ செஞ்சுக்கோ. இருக்கிற வரைக்கும் இங்கதான்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் ஜெயசிங் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"மகாபலிபுரம் போற ரோட்டுல ஒரு வீடு வாங்கியிருக்கேன், ஷமீம். கடலைப் பார்த்தமாதிரி இருக்கும். அம்மாவை அங்க கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. நீ சொன்னா வருவாங்க."

அவரே தொடர்ந்தார்.

"உங்க ஊருக்குப் பக்கம்தான். ராத்திரிக்கு வேற ஆள் போட்டுக்கிறேன். நீ தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் வேறு எதைத் தருவதாகச் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் இது… எப்படிச் சொல்வேன்? அப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் வீட்டுக்குப் போவேன். மகள் ஆயிஷாவை என் நாத்தனார் வளர்த்தாள். கணவருக்குக் கேளம்பாக்கத்தில் பிரியாணிக் கடையில் வேலை. வீடு திரும்ப நேரமாகும். ஒரு ஞாயிறு ஆயிஷாவுக்குக் காய்ச்சல். பக்கத்தில் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து, தலையணையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, பழக்கம். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னேன்.

"மேல் ரூமு ஒழுவுதும்மா. மழைக்கு முன்னாடி ரிப்பேரு பண்ணி, அப்படியே பெயின்ட்டும் அடிச்சிடலாம். தூசில உங்களுக்கு மூச்சு வாங்கும். ஒரு மாசம் கடல் பக்கத்து வூட்ல இருந்துட்டு வந்துடலாம்."

அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவன் சொல்லச் சொன்னானா, நீயா சொல்றியா?"

"நான்தாம்மா சொல்றேன்."

"அப்ப சரி" என்றார்.

அப்ப சரி! மகனை நம்பாதவர் என்னை நம்பினார். கிளம்பும்போது அவர் வீட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரப்போகிறவர் ஏன் பார்க்க வேண்டும்? தோட்டக்காரரிடம் பெரணிச் செடிகளுக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காரில் ஏறியதும் தூங்கிவிட்டார்.

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. எந்த அறைக்கு என்ன நிறம் என்று அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். மிச்சமிருந்த துணிமணிகளை எடுத்துவர ஜெயசிங் ஒருநாள் என்னை நுங்கம்பாக்கம் அனுப்பினார். மாடி ஏற்கெனவே இல்லை. தேக்குப் படிக்கட்டைத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் படுக்கையறைச் சுவர் ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதில் சிலுவை மாட்டியிருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

அன்று திரும்பியதும் அம்மா கேட்டார்.

"சாப்பாட்டு ரூம் முடிஞ்சுதா? என்ன கலர்?"

"நீங்க சொன்ன மஞ்சதாம்மா. நல்லாக் கீது."

"ரொம்ப அடர்த்தியா இல்லையே?"

"இல்லம்மா. லேசாத்தான்."

அவருக்குச் சந்தோஷம். நான் என் பையை எடுத்துக்கொண்டு பேருந்தேறினேன். வீட்டில் ஆயிஷாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். பள்ளிக்கூடக் கதைகளை நிறுத்தாமல் பேசினாள். அன்று இரவு முதல்முறையாகத் தலையணையோடு என் பக்கம் வந்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் அல்லவா?

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. மழையைக் காரணம் சொன்னேன். ஆள் கிடைக்கவில்லை என்றேன். பிறகு ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள், மகாபலிபுரத்துக்கு உறவினரோடு வந்தவர், வழியில் ரூபி அம்மாவைப் பார்க்க வந்தார். நான் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படி ரூபி மனசைத் தேத்திக்கிட்டே? எனக்கே அந்தக் காலி இடத்தைப் பார்க்க முடியலை" என்ற குரல் கேட்டது.

தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விருந்தாளி போனபிறகு அம்மா கூப்பிட்டார். அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

"ஜெயசிங் என் பிள்ளை. அவனுக்கு இடம் வேணும், செஞ்சான். உனக்கு என்ன வேணும்னு செஞ்சே, ஷமீம்?"

என் குழந்தை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மன்னித்திருப்பார். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை… இல்லை, இதுவும் அழகுக்குச் சொல்வது. உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி வேலை போய்விடும், மறுபடியும் எங்காவது தங்கி வேலை பார்க்கவேண்டிவரும் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அம்மா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மகனோடும் சில வாரங்களில் சமாதானமாகிவிட்டார். என்னிடம் மட்டும் ஒன்று மாறியது. மறுநாள் காலையில், "தண்ணி கொடுங்க" என்றார்.

அதன்பிறகு எப்போதும் 'நீங்க'தான். 'போதுங்க', 'வைங்க', 'கிளம்புங்க, நேரமாச்சு'. யாராவது கேட்டிருந்தால் மரியாதை என்று நினைத்திருப்பார்கள். ஒருமுறை அவர் காலைப் பிடித்துவிடும்போது, "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று அழுதேன்.

"சரிங்க" என்றார். "சன்னலைச் சாத்துங்க, காத்து அதிகமா இருக்கு."

அடுத்த வருடம் அந்தக் கடற்கரை வீட்டிலேயே இறந்துபோனார். கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். கடைசிவரை நான் 'நீங்க'தான்.

ஆயிஷா இப்போது படூரில் கல்லூரியில் படிக்கிறாள். மாலையில் வந்ததும் என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்கிறாள். அவளுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது.

வருந்துகிறேன் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். வருந்துகிறேன், பொய்யில்லை. ஆனால் மறுபடியும் அந்தக் காலைநேரம் வந்து, சீப்போடு அம்மாவின் பின்னால் நின்றால்… அதையேதான் சொல்வேன். எனக்குத் தெரிகிறது. அதனால் மன்னிப்பை உங்களிடமும் கேட்கவில்லை.