தையலக்கா அடித்த கோடு

வலது கை பகடையை உருட்டுகிறது. பச்சைக் காய் நகர்கிறது. இடது கை உருட்டுகிறது. மஞ்சள் காய் நகர்கிறது. இடையில் ஒரு வாய் சாப்பாடு. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் மதிய இடைவேளை என்றால் தையலக்காவுக்கு இதுதான் வேலை. லூடோவில் முதலில் உருட்டுகிறவருக்கே வெற்றி சாய்கிறதா என்று பார்க்கிறார். இருபது ஆட்டம் ஆடி, பதினொன்றுக்கு ஒன்பது என்று ஏறக்குறைய சமமாக வந்தால்தான் அது போட்டிப் பட்டியலில் ஏறும். "முதல்ல உக்காந்தவன் ஜெயிக்கிறதுக்கு எதுக்குப் போட்டி? நாற்காலிக்கே கோப்பையைக் குடுத்துரலாமே" என்பார்.

கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அவர் வேலை. சட்டைப் பையில் துணிக்குக் குறியிடும் நீலச் சாக்பீஸ் எப்போதும் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் திரைச்சீலையின் விளிம்பை விரலால் அளந்துவிட்டுத்தான் உட்காருவார். கோணல் என்றால் ஆகாது.

ஊழியர்களின் ஆண்டுப் போட்டியில் கோப்பை பெரிதில்லை. அதிக ஆட்டங்களில் ஜெயிப்பவர் வருட விடுமுறைத் தேதிகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் மீதிதான் மற்றவர்களுக்கு. மூன்று வருடமாக ஸ்டோர்கீப்பர்தான் அள்ளிக்கொண்டு போகிறார். போட்டிச் செயலாளரும் அவரே. எல்லோரும் முணுமுணுத்ததில், இந்த வருடம் ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கத் தையலக்காவையும் சேர்த்தார்கள்.

அக்காவின் ஏற்பாடு எளிது. மூளைக்கு, கைக்கு, கண்ணுக்கு, சொல்லுக்கு, ஞாபகத்துக்கு, அதிர்ஷ்டத்துக்கு என்று வகைக்கு ஒன்றாகச் சாப்பாட்டுக்கூடத்துக் கரும்பலகையில் ஆறு ஆட்டங்கள். தேர்ந்தெடுக்கும் இருவரும் தாங்கள் கில்லாடியான ஆட்டத்தைத் தங்கள் கையாலேயே கோடு போட்டு அடித்துவிட வேண்டும். மீதி நான்கு போட்டிக்கு. செயலாளரும் தலையாட்டினார்.

அக்கா கேரமை அடித்தார். கேரமில் அவரை வெல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. இரண்டு மாதத்தில் மகளுக்குப் பிரசவம். கூட இருக்க அந்தத் தேதிகள்தான் அவருக்கு வேண்டும். தெரிந்தேதான் அடித்தார்.

மறுநாள் பலகையைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலாளர் கில்லாடியான செஸ் அடிபடாமல் அப்படியே இருந்தது. லூடோவை அழித்து அந்த இடத்தில் 'வேக செஸ்' என்று எழுதியிருந்தார் செயலாளர். இதற்குப் பெயர் தேர்வா?

"செஸ்ஸும் வேக செஸ்ஸும் ரெண்டு ஆட்டமா தம்பி? ஒரே சட்டையைத் திருப்பிப் போட்டா ரெண்டு சட்டையா?"

"லூடோ சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்கா."

"சலவைக்கூடத்துல பாதிப் பேரு அதை நம்பித்தான் பேரு குடுத்திருக்காங்க. அவங்களுக்கு லீவு வேணாமா?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்க கேரமையும் போட்டுக்குங்க. பொண்ணுக்குப் பிரசவம்னு கேள்விப்பட்டேன். எனக்கு அது, உங்களுக்கு இது. சரியாப் போச்சுல்ல?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைச் சொல்லியா பேரம் பேசுகிறான் என்ற ஆத்திரம். பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்தார். கேரமின் மேல் ஏற்கெனவே கிடந்த கோட்டின் மீதே, பலகை கிறீச்சிட, இன்னொரு கோடு இழுத்தார். பிறகு செயலாளரின் கையைப் பிடித்து அதில் சாக்பீஸை வைத்துவிட்டு, செஸ் என்று எழுதியிருந்த இடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.