பச்சை டிக் அக்கா

ஸ்கேனரைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எந்த லாரியையும் நெருங்குவார். எங்கள் மருந்துக் கிடங்கின் வாசல் காவலர்; அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். டிரைவர்கள் வைத்த பெயர் பச்சை டிக் அக்கா. குளிர் அறைக்குப் பொறுப்பாளனான எனக்கு அவர் தினசரித் தலைவலி.

போன வருடம் எவனோ நகல் காகிதங்களைக் காட்டி ஒரு லோடு மருந்தையே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதோடு காகிதம் ஒழிந்தது. இப்போது லைசென்ஸ் கொடுப்பவர்களும் லோடு ஏற்றுபவர்களும் தங்கள் அத்தாட்சியை டிரைவரின் போனுக்கே அனுப்பிவிடுகிறார்கள். எங்களிடம் பிரதி கிடையாது. போனைக் காட்டினால் ஸ்கேனரில் பீப் சத்தத்தோடு பச்சை டிக், சரியில்லையென்றால் சத்தமில்லாமல் சிவப்பு. பெயர்கூட வராது. பழக்க தோஷத்தில் யாராவது ஊர், விலாசம் என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் எனக்கு எதுக்குங்க? டிக் வந்தா உள்ள போங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

நேற்று மதியம் வந்த லாரியில் குளிர்சாதனம் பழுது. பெட்டிகள் சூடேறினால் அத்தனை தடுப்பூசியும் குப்பைக்குத்தான். டிரைவரின் போனோ சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. டிரைவர் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர்.

"கேட்டத் திற. நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"வீட்டுல நீங்க யாருன்னு தெரியும். இந்த லோடை உங்களை நம்பித்தான் குடுத்தாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இவரோட குடும்பம் நடத்துறீங்க. இதுக்கு மேல என்னம்மா அத்தாட்சி?" என்று கத்தினேன்.

"குடும்பம் நடத்துறதாலதான் சார் கேக்குறேன்."

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரனில் கையை வைத்தார்கள். என் ஆட்கள் தள்ளுவண்டியோடு காத்து நின்றார்கள். இந்தப் பெண்மணியை இங்கே வேலைக்கு வைத்த புண்ணியவான் யாரோ என்று பல்லைக் கடித்தேன்.

"லோடு கெட்டா என் வேலை போயிடும்" என்றார் கணவர், குரல் இறங்கி.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை. போனை வாங்கிக் காவல் அறையில் தன் சார்ஜரில் செருகினார். திரை வெளிச்சம் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரகசிய எண் கேட்டது.

"நீயே போடேன். நம்பர் வந்து..." என்று கணவர் ஆரம்பித்தார்.

அக்கா சட்டென்று அவர் வாயைப் பொத்தினார். போனை அவர் கையில் திணித்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஸ்கேனரை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டினார். பச்சை விழுந்த சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே கேட்டின் பொத்தானை அழுத்தினார்.