பஞ்சர் கடை வாசலில் பஞ்சர் கடை தேடியவள்

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், மேனாம்பேட்டில் என் ஸ்கூட்டர் டயர் பஞ்சர். அவசரத்தில் அக்கம்பக்கம் பார்க்காமல் போனில் கடை தேடினேன்.

முதலில் வந்த கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வேறு வழியில்லை என்று வெயிலில் வண்டியைத் தள்ளினேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாக்கா, பஞ்சர் கடைய தாண்டி எங்க தள்ளிகினு போற?"

திரும்பினால், டயர்களுக்கு நடுவே கடைக்காரர். போனைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அவர் கடை ஐந்தாவதாக இருந்தது. மேலே இருந்த நாலு பெயருக்கும் பக்கத்தில் 'விளம்பரம்' என்று பொடி எழுத்து.

"கிட்ட கீறது நானு. அவங்கள ஏன் மொதல்ல காட்டுது?"

"அவங்க காசு கட்டியிருப்பாங்கண்ணா."

"காசு கட்னா கடை கிட்ட வந்துருமா?"

கேட்டுக்கொண்டே போனைத் திருப்பித் தந்துவிட்டு, பஞ்சர் ஒட்டி முடித்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "என் கடைய மேல கொண்டார எவ்ளோ ஆவும்னு பாத்து சொல்லுக்கா."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவரும் கட்டிவிட்டால், அடுத்து வருகிறவள் யார் கடையைத் தாண்டி வண்டி தள்ளுவாள்?

புரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.