இஸ்மாயில் பாய் கடித்த கத்தரிக்காய்

கத்தரிக்காய் வாங்குவதில் தன்னை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது என்று பண்டாரி சேக் இஸ்மாயில் அடிக்கடி சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச யாரும் மெனக்கெடாததால் அது உண்மையாகவே நிலைத்துவிட்டது. காஜிமார் தெரு வட்டாரத்தில் கல்யாணமோ, பையன்களுக்குக் கத்னா என்கிற சுன்னத்தோ, விருந்துச் சமையல் அவருடையதுதான். நெய்ச்சோற்றை எவன் வேண்டுமானாலும் ஆக்கிவிடுவான், பண்டாரியின் வண்டவாளம் தால்ச்சாவில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பருப்பும் ஆட்டெலும்பும் கத்தரிக்காயும் சேர்ந்து கொதிக்கிற அந்தக் குழம்பில் நாலு கசப்புக் காய் விழுந்தால் போதும், அண்டாவே பாழ்.

அதனால் அவர் கண்ணை நம்பிக் காய் வாங்கியதில்லை. மேற்கே இருக்கிற ஊர்களிலிருந்து வெள்ளாமை செய்கிற சம்சாரிப் பெண்கள் விடிகாலையில் நடந்து வந்து சிம்மக்கல் பக்கம் ரோட்டோரத்தில் கூடையை இறக்குவார்கள். இஸ்மாயில் கூடைக்கு ஒரு காய் எடுத்துப் பச்சையாகவே கடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். பிடித்தால் கூடையோடு எடுத்துக்கொள்வார். கசந்தால் துப்பிவிடுவார். அவர் துப்பிய கூடையை அன்றைக்கு ஒருவரும் சீந்தமாட்டார்கள். கூடைக்காரி வந்த வழியே சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். அந்தப் பாவம் தன்னைச் சேருமே என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர் துப்பாத கூடை ஒன்று உண்டென்றால் அது சமயநல்லூர் மாயக்காளுடையது. தை பிறந்தால் அவள் தோட்டத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள். நூறு ஆடு பத்து ராத்திரி படுத்து எழுந்த மண். இறைப்பதோ நல்ல கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிடை ஆடுகளில் சிலதுதான் பிறகு கசாப்புக்கு வந்து இஸ்மாயிலின் அண்டாவில் எலும்பாக வேகும். ஆடு போட்ட உரத்தில் விளைந்த காய் கடைசியில் ஆட்டோடேயே வேகுது, ருசிக்காமல் எங்கே போகும் என்பார் அவர்.

ரமலான் மாதத்தில் மட்டும் ஏற்பாடு மாறும். நோன்பாளி எப்படிக் கடிப்பது? பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போதுகூட, நுனி நாக்கில் படவிடாமல் வாசத்தை வைத்தே உப்புப் போடுகிற பிடிவாதக்காரர் அவர். ஆகவே அந்த ஒரு மாதம் மாயக்காள்தான் அவருக்காகக் கடித்துச் சொல்வாள். தன் கூடைக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கூடைகளுக்கும் சேர்த்துத்தான். தன் காய் கொஞ்சம் கசந்தாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவாள்.

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் இஸ்மாயில் காய்ச்சலில் விழுந்தார். பத்து நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தபோது கால் இருந்தது, கை இருந்தது, நாக்கைக் காணோம். ரசமும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன. மூக்கும் சேர்ந்து போய்விட்டது. வீட்டில் அஜ்மல் பீவி ஒருநாள் உப்பை மறந்து குழம்பு வைத்துவிட்டாள். அதையும் அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். முப்பது வருஷமாகத் தன் சமையலில் குற்றம் கண்டுபிடித்த மனுஷனைக் காய்ச்சல் திருத்திவிட்டதென்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ரமலான் அவரைக் காப்பாற்றியது. அந்த மாதத்தில் அவர் ருசி பார்க்காததை யாரும் கவனிக்கவில்லை. கஞ்சிக்கு உப்பைக் கைக் கணக்கிலேயே போட்டு ஒப்பேற்றினார். பெருநாளும் வந்து போனது. நாக்கு வரவில்லை. இரும்புக்கடை அப்துல் வஹீது வீட்டுக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். நானூறு பேர் விருந்து. தால்ச்சா கெட்டால் வஹீது பொறுத்துக்கொள்வார், ஊர் பொறுக்காது. நாக்குச் செத்த பண்டாரியை எவன் கூப்பிடுவான்? ஐம்பது வயதுக்கு மேல் வேறு எந்த வேலையைக் கற்றுக்கொள்வது? அதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மாயக்காளிடம் புது நோன்பு ஒன்றைச் சொல்லிவைத்தார். பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு இருக்கிறது, அதுவரை நீயே கடித்துச் சொல் என்றார். அவளும் கடித்துச் சொன்னாள். ஆறு நாள் ஆனது, எட்டு ஆனது. ஒன்பதாம் நாளும் கூடைக்கு முன்னால் குந்தி, "நோன்பு தங்கச்சி, நீயே பாத்துச் சொல்லு" என்றார்.

மாயக்காள் காயைக் கையில் எடுக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, நோன்புன்னு சொல்றீக. வாயில வெத்தலை மெல்லுறீகளே" என்றாள்.

இஸ்மாயில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காலையில் பழக்க தோஷத்தில் போட்ட வெற்றிலை. ருசி தெரிந்தால் அல்லவா வாயில் இருப்பது தெரியும்? பக்கத்தில் ஒச்சாயி தன் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சிம்மக்கல் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் கண் கலங்கியதை மாயக்காள் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காய்ச்சலோட போயிருச்சா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கல்யாணம் என்னைக்கு?"

"வெள்ளிக்கெழமை."

"நானே காயைக் கொண்டாந்து நறுக்கித் தாரேன். வருஷா வருஷம் ஒரு மாசம் ஒங்களுக்காகக் கடிக்கிறேன். ஒருநா சேத்துக் கடிச்சா பல்லு தேஞ்சா போகும்?"

வெள்ளிக்கிழமை அவள் சொன்னபடி வந்தாள். பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு காயாக ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து நறுக்கினாள். தால்ச்சா கொதித்ததும் இஸ்மாயில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தங்கச்சி, ஒன் காய் வெந்துருச்சான்னு பாரு" என்று அகப்பையை நீட்டினார். அவள் ஊதிக் குடித்துவிட்டு, "காய் வெந்துருச்சுண்ணே. புளி இன்னும் கொஞ்சம் கேக்குது. உப்பு ஒரு கை" என்றாள். காய்க்காரிக்குத் தன் காய் மேல் இம்புட்டு அக்கறையா என்று எடுபிடிகள் சிரித்தார்கள். இஸ்மாயில் புளியை ஊற்றினார்.

பந்தி முடிந்ததும் வஹீது வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சல்ல கெடந்து எந்திருச்ச ஆளாச்சேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ஒம்ம நாக்கை அல்லா நல்லா வச்சிருக்கணும்" என்றார். "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு இஸ்மாயில் மாயக்காள் இருந்த பக்கம் பார்த்தார். பண்டாரிக்கென்று எடுத்து வைத்திருந்த சோறும் தால்ச்சாவும் அன்றைக்கு அவள் தூக்குச்சட்டியில் சமயநல்லூருக்குப் போயின.

அதற்குப் பிறகு தினமும் கூடையை இறக்கியதும் அவளே ஒரு காயை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். "நாலு பேரு பாக்க நீங்களும் ஒண்ணு கடிங்கண்ணே" என்பாள். அவர் கடித்து, கண்ணை மூடி மென்று, விழுங்குவார். நல்ல காய் என்பார். அவளும் ஆமாம் என்பாள். பிறகு தன் காயோடு ஒத்துப் பார்க்கிற சாக்கில் தானே மற்றக் கூடைகளில் கடித்துப் பார்த்து, எடுக்க வேண்டியதைக் கண்ணால் காட்டுவாள். பொங்கல் போய், மாசியும் வந்தது. இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தொழுகைக்குப் பிறகு அவர் யோசிப்பார். ஒன்றும் செய்ததாக ஞாபகம் வராது. காய் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். பெயரைச் சொல்லி அவளுக்காகத் துஆ கேட்டுவிட்டு எழுந்திருப்பார்.

மாசிக் கடைசியில் ஒரு காலை. அவள் நீட்டிய காயை வழக்கம்போலக் கடித்தார். இரண்டு மெல்லு மென்றதும் முகம் கோணிப் போனது. அவரை அறியாமல் தூவென்று துப்பிவிட்டார்.

"கசக்குது தங்கச்சி."

வரிசையே திரும்பிப் பார்த்தது. மாயக்காள் கூடையில் பாய் துப்பிவிட்டார். ஒச்சாயி வாயில் கை வைத்தாள். இஸ்மாயிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, யார் கூடையில் துப்பினோம்? மாயக்காளோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கசக்காம என்ன செய்யும். கெணத்தடியில ஒத்தச் செடியைத் தண்ணி காட்டாமப் போட்டு வச்சிருக்கேன். தெனமும் அதுல முத்துன காயாப் பறிச்சாந்துதான் ஒங்களுக்குக் குடுத்தேன். என்னைக்காவது துப்பமாட்டீகளான்னு பாத்துக்கிட்டு இருந்தேண்ணே."

இரண்டு மாதமாகத் தினம் ஒரு கசப்புக் காயை நல்ல காய் என்று தின்றிருக்கிறோம், இவள் தினமும் ஆமாம் போட்டிருக்கிறாள் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. அந்தக் கூடையை அப்படியே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பாதிக் காயை அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒச்சாயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காம்பு வரை கடித்துத் தின்றார்.