திண்டிவனம் வழியாக ஒரு ரேஸ் கார்

என் மைத்துனன் விழுப்புரத்தில் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். வெள்ளத்தில் முழுகி, இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய ஒரு காரை வாங்கி, இரண்டு வருஷம் உழைத்து அதை ரேஸ் கார் ஆக்கினான். ஓட்டுகிறவனுடையதைத் தவிர மற்ற சீட்டுகளைக் கழற்றினான். கவிழ்ந்தால் தலை நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூடு கட்டினான். பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் வலை. கார் வெள்ளை; பானெட் மட்டும் வேறொரு காருடையது, மெரூன். ஆர்.சி. ரத்தாகிவிட்டதால் நம்பர் கிடையாது. அந்தக் கார் ரேஸ் டிராக்கில் ஓடலாம். டிராக் வரைக்கும் ஓட முடியாது.

டிராக் திண்டிவனம் தாண்டி, சென்னைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் வண்டியை அங்கே சோதனைக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் பெயர் இருக்காது. புதியவர்களுக்கான பந்தயம் வருஷத்துக்கு ஒன்றுதான்.

கார் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்கள் சொன்ன வாடகையைக் கேட்டுவிட்டு மைத்துனன் போனை வைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு ரிட்டர்ன் லாரி பிடித்தான். விழுப்புரத்தில் சரக்கை இறக்கிவிட்டுச் சென்னைப் பக்கம் காலியாகத் திரும்பும் லாரிக்கு டீசல் காசு வந்தால் போதும். கிளியனூர்க்கார டிரைவர் ஒருவர் சிமென்ட் இறக்க வந்திருந்தார். என்ன லோடு என்று கேட்டதற்கு "ஒரு கார்ண்ணா" என்றான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காரை லாரிமேல் ஏற்றச் சாய்வுப் பலகை வேண்டும். எங்களிடம் இல்லை. ஷெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் ஏற்றுவதற்காக லாரியின் உயரத்துக்குக் கட்டிய சிமென்ட் மேடை இருக்கிறது. தள்ளுவண்டி ஏறுவதற்கு ஒரு பக்கம் சரிவும் உண்டு. அதுவரை காரைத் தள்ளிக்கொண்டே போனோம். தள்ளினால் ஓட்டினதாகாது என்பது மைத்துனன் கட்சி.

என் மாமியார் காலையிலேயே பானெட்டில் ரோஜா மாலை சார்த்திச் சூடம் காட்டியிருந்தார். நம்பர் இல்லாத காரைப் பார்த்தால் வழியில் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்பதால், மாலையோடு சேர்த்துத் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கட்டினோம். லாரி பின்பக்கமாக வந்து மேடையை ஒட்டி நின்றது. காரை உருட்டி ஏற்றினோம். டிரைவர் அப்போது கேபினில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திண்டிவனம் நெருங்கும்போது காற்றில் தார்ப்பாய் அவிழ்ந்து படபடத்தது. டிரைவர் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்னால் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை.

"சார், இன்னா இது?"

"கார்" என்றேன்.

"கார்னு தெரியுது. கண்ணாடியக் காணோம், சீட்டக் காணோம், நம்பரக் காணோம். மேல மாலை வேற. இதுல யாரு பூட்டாங்க?"

மைத்துனன் டீயை வைத்துவிட்டு ஓடிவந்தான். "யாரும் சாவலண்ணா. இது ரேஸ் வண்டிண்ணா."

"ரேஸ் வண்டி இப்டியா இருக்கும்? டிவில நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். ஒரு வாட்டி ஆக்சிடென்ட் வண்டி ஏத்திக்கினு போனேன். அந்த மாசம் பூரா பேஜாரு. லோடு கிடையாது, ரெண்டு டயரு வெடிச்சிது. அதுலேர்ந்து ஏத்தறதில்ல."

"மாமா பேப்பர்ல வேலை பாத்தவரு. அவரையே கேளுங்க" என்றான் மைத்துனன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "ஆக்சிடென்ட் நியூஸ் போடுவீங்களா?"

போட்டிருக்கிறேன் என்றேன். நான் போட்டவற்றில் பாதி நாங்கள் நின்றிருந்த அந்தச் சாலையில் நடந்தவை என்பதைச் சொல்லவில்லை. இது வெள்ளத்தில் முழுகிய வண்டி, வீட்டு வாசலில் நின்றபோது முழுகியது, உள்ளே ஆள் இல்லை என்று விளக்கினேன்.

"நீங்க பாத்தீங்களா?"

சரியான கேள்வி. செய்தி கொண்டுவரும் நிருபர்களிடம் நானே கேட்டுவந்த கேள்வி. பார்க்கவில்லை என்று சொன்னேன். மைத்துனன் என்னைப் பார்த்தது அக்கா புருஷனைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

"எறக்குங்க" என்றார் டிரைவர்.

மூன்று பேரும் சுற்றிலும் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் தரை சமமாக இருந்தது. மேடையும் இல்லை, மேடும் இல்லை. கார் எங்கள் நெஞ்சு உயரத்தில் நின்றது. டிரைவரால் அதைக் கொண்டுபோகவும் முடியாது, இறக்கவும் முடியாது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

மைத்துனன் லாரிமேல் ஏறி, வலையை அவிழ்த்து உள்ளே புகுந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்தான். ரேஸ் காரில் சத்தத்தை அடக்கும் சைலன்சர் கிடையாது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வெளியே வந்தார்கள்.

"யோவ் டிரைவரு, உன் லாரிய விட இது நல்லா ஸ்டார்ட் ஆவுதுய்யா!" என்றார் ஒருவர்.

"ஓடறது வேற, ஆளு போனது வேற" என்றார் டிரைவர். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டீக்கடை அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "எதுக்கு நின்னுக்கினு பேசறீங்க? அந்தப் புள்ள உள்ள குந்திக்கினு வரட்டும். உசுரோட ஆளு குந்திக்கினு இருந்தா அது எப்டி செத்த வண்டியாவும்? ஜல்தியா எடு, கடைய மறைக்குது."

டிரைவர் அதை யோசித்தார். ஒப்புக்கொண்டார். நிபந்தனை இரண்டு: மாலை வரக்கூடாது, டிராக் போய்ச் சேரும்வரை பையன் காரைவிட்டு இறங்கக் கூடாது. லாரிமேல் ஏற்றிய காருக்குள் ஆள் உட்கார்ந்து போவது சட்டப்படி சரியா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

மாலையை டீக்கடைக்குப் பக்கத்திலிருந்த பிள்ளையாருக்குப் போட்டோம்; தார்ப்பாயைச் சுருட்டி வைத்தோம். காற்றில் தூசி அடிக்கும் என்பதால் மைத்துனன் ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டான். அப்படியே நெடுஞ்சாலையில் லாரியின் வேகத்தில் போனான். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலோரம் வந்து படம் பிடித்தார்கள். டோல்கேட்டில் இருந்தவர் அண்ணாந்து பார்த்து, "மேல யாருங்க?" என்றார்.

"ஓனரு" என்றார் டிரைவர். கேட் திறந்தது.

நாலு மணிக்குச் சற்று முன்னால் டிராக் வாசலை அடைந்தோம். பக்கத்தில் ஒரு மண்மேடு இருப்பதை மைத்துனன் முன்பே வந்து பார்த்து வைத்திருந்தான். லாரியை மேட்டை ஒட்டி நிறுத்தினோம். அவன் காரிலிருந்து இறங்காமலே அதை ஓட்டி இறக்கி, நேராகச் சோதனை வரிசையில் போய் நின்றான். சோதித்தவர்கள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், குழாய்களைத் தட்டிப் பார்த்தார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

திரும்பிப் போவது எப்படி என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. டிரைவர் கிளம்பிக்கொண்டிருந்தார். ஞாயிறு மாலை விழுப்புரம் பக்கம் லோடு இருக்கிறதா என்று மைத்துனன் கேட்டான்.

"சிமென்ட் எடுக்கறேன். பின்னாடி எடம் விட்டு வெக்கிறேன், வர்றேன்" என்றார். கியர் போட்ட பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஆனா ஒண்ணு தம்பி. எங்கனா இட்ச்சிக்கினு வந்தீனா ஏத்த மாட்டேன். சொல்லிட்டேன்."

மறுநாள் பந்தயத்தை நான் மூன்றாவது வளைவின் அருகே நின்று பார்த்தேன். மற்றவர்கள் பிரேக்கைத் தொடுவதற்கு வெகு முன்பே அவன் தொட்டான். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேருக்கு வழிவிட்டான். கடைசிக்கு முந்தின ஆளாக முடித்தான். காரில் ஒரு கீறல் இல்லை.