வைஜெயந்தியின் ஆட்டக்காரர் அட்டைகள்

மரக்காணத்தில் திண்டிவனம் ரோடு வந்து சேருகிற முனையில் சாலமன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் வைஜெயந்தி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் அவள் கை படாமல் பேனர் தெருவுக்கு வராது. ஒரு கல்யாண பேனரில் மாமன் மச்சான் பங்காளி அத்தனை பேரையும் அடுக்கி, யார் மூஞ்சி யாரைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும், யாரை யார் பக்கத்தில் வைத்தால் சண்டை வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் போட்ட பேனரைப் பார்த்து யாரும் கோபித்துக்கொண்டு பந்தலை விட்டுப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மழைக்காலம் வந்துவிட்டால் உப்பளம் படுத்துவிடும். பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று, ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உப்பு லாரி ஓட்டுகிற அவள் புருஷன் அர்ச்சுனன் வீட்டில் இருப்பான். விசேஷங்களும் குறைவு. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், சும்மா இருக்கிற கம்ப்யூட்டரில் ஏதாவது செய்யலாமே என்று, வெளிநாட்டுக்காரர்கள் டிசைன் வேலை கொடுக்கிற ஒரு இணையதளத்தில் வைஜெயந்தி தன் பெயரைப் பதிந்து வைத்தாள். தீபாவளி முடிந்து நாலைந்து நாளில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் எழுதினார். பெயர் ஹெரால்ட். ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய சின்ன ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நூல் மில் இருந்ததாம். அந்த மில் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு பேஸ்பால் டீம் வைத்திருந்தார்களாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும், அந்தக் காலத்து ஸ்டைலில், உள்ளங்கை அளவுக்கு ஒரு அட்டை வேண்டும். முன்பக்கம் படம், பின்பக்கம் பெயரும் விவரமும். டீமின் நூற்றாண்டு விழாவில் ஊரெல்லாம் கொடுக்கப் போகிறார்களாம்.

"பேஸ்பால்னா என்னாங்க?" என்று அவள் அர்ச்சுனனைக் கேட்டாள்.

"கிரிக்கெட்டு மாதிரிதான். ஸ்டம்பு கிடையாது, உருட்டுக்கட்டையால அடிப்பானுங்க" என்றான் அவன்.

அவ்வளவு தெரிந்தால் போதும் என்று வேலையில் இறங்கினாள். ஹெரால்ட் அனுப்பிய படங்கள் மங்கலாக, ஓரம் கிழிந்து, சில இடங்களில் பூச்சி அரித்து இருந்தன. அதையெல்லாம் சுத்தம் செய்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை. கண்ணீர் அஞ்சலிக்கு வருகிற ரேஷன் கார்டு போட்டோக்களை இதைவிட மோசமான நிலையில் பார்த்தவள். முதல் ஆளை எடுத்தாள். பின்னால் மின்னல் வெட்டுகிற நீல வானம் வைத்தாள். சுற்றிலும் தங்க பார்டர். தோளுக்குப் பின்னால் ஒரு புலி. காலடியில் ரோஜாப்பூ. பெயரை நெருப்பு எழுத்தில் போட்டாள். சாலமன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வெள்ளக்காரன் அசந்துடுவான்" என்றார்.

ஹெரால்ட் அசந்துதான் போனார். மறுநாள் வந்த பதிலை போன் மொழிபெயர்த்துக் கொடுத்தது. 'மிகவும் உற்சாகமாக இருக்கிறது. ஆனால் இந்த மனிதர் மில்லில் பஞ்சு அடித்தவர். புலி எதற்கு?'

வைஜெயந்திக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மாதிரிக்காக அனுப்பியிருந்த பழைய அட்டைகளை அப்போதுதான் ஒழுங்காகப் பெரிதுபடுத்திப் பார்த்தாள். ஒன்றிலும் பளபளப்பு இல்லை. பின்னால் ஒரே கலர், இல்லாவிட்டால் ரெண்டு கலர். சின்னச் சின்னப் புள்ளியாக மை. சிவப்பு மை கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி விழுந்திருந்தது. மூலைகள் மழுங்கி, தாள் டீ குடித்த மாதிரி ஒரு நிறம். ஆனாலும் அதில் நிற்கிறவன் மேல்தான் கண் போகிறது. வேறெங்கும் போக இடமில்லை. 'நான் போட்டதுல புலிதான் தெரியுது' என்று நினைத்துக்கொண்டாள்.

கலர்தான் சரியாக வரவில்லை. எதை வைத்தாலும் பேனர் வாடை அடித்தது. அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. அர்ச்சுனன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகையில், உப்பளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாத்தித் தண்ணீரில் வானம் பட்டை பட்டையாகக் கிடந்தது. மேலே சாம்பல், நடுவில் வெந்த இறால் மாதிரி ஒரு ஆரஞ்சு, கீழே வெளிறிப்போன பச்சை. ஒன்றோடொன்று கலக்காமல், வெட்டி ஒட்டினது போல.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்னா, எதுனா விழுந்துடுச்சா?"

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன் இருங்க."

மறுநாள் காலையில் மில் தொழிலாளி கிளாரன்ஸ், கையில் கட்டையோடு, மரக்காணத்து உப்பள வானத்துக்கு முன்னால் நின்றார். இந்தத் தடவை ஹெரால்ட் ஒரு வரிதான் எழுதினார். 'இதேதான். இந்தக் கலரை எங்கிருந்து எடுத்தீர்கள்?'

அவள் உப்பளப் படத்தை அனுப்பினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உப்பை வெயிலில் விளைய வைப்பார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. அதிலிருந்து ரெண்டு பேரும் நன்றாகவே பேச ஆரம்பித்தார்கள். அவர் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார், இவள் உப்பு விளைகிற கதையைச் சொன்னாள்.

நடுவில் ஒரு தப்பும் நடந்தது. வால்டர் என்ற ஆள் படத்தில் இடதுபக்கம் பார்த்து நின்றார். அடுத்தடுத்து அடுக்கும்போது எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தால் அழகாக இருக்குமே என்று வைஜெயந்தி அவரை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டாள். பேனரில் தினமும் செய்வதுதான். மாப்பிள்ளையைத் திருப்பாமல் பெண்ணைப் பார்க்க வைக்க முடியாது. ஒரு வாரம் கழித்துக் காலை ஆறு மணிக்கு ஹெரால்ட் வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் பஞ்சு மாதிரி தலையோடு ஒரு கிழவி. வால்டரின் மகள். அந்த அம்மாள் அட்டையைக் கேமராவுக்கு நேராக நீட்டி, தன் இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அப்பா இடது கைக்காரர். டீமிலேயே ஒரே இடது கைக்காரர். அந்தக் கையால் பந்து போட்டதால்தான் எதிராளிகள் திணறினார்கள். அந்தக் கையால்தான் மகளுக்குக் கஞ்சி ஊட்டியதும்.

"சாரி மேடம், சாரி மேடம்" என்று வைஜெயந்தி நாலு தடவை சொன்னாள். கிழவி சிரித்துவிட்டு, மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை என்பது போல் போனுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். அன்றே வால்டர் இடது கைக்குத் திரும்பினார். அதன் பிறகு எந்த ஆளைத் தொட்டாலும் முதலில் எந்தக் கைக்காரர் என்று கேட்டுக்கொண்டுதான் மற்ற வேலை.

கலர் சரிபார்க்க அவள் கடையிலேயே கெட்டி அட்டையில் சிலதை பிரிண்ட் போட்டிருந்தாள். சாலமன் அண்ணன் அவற்றை விளம்பரத்துக்கு ஆகட்டும் என்று வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். டீ குடிக்க வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உப்பள மேஸ்திரி கலியபெருமாள், "யாருங்க இவங்க, எந்தக் கட்சி?" என்று கேட்டார். இன்னொருவர் செத்துப்போனவர்கள் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பொங்கலுக்கு முன்னால், பாத்தி கட்டுகிற வேலை தொடங்கிய சமயம், செல்லம்மாள் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய, உப்பளத்தில் கூடை சுமக்கிற பெண். புடவைக்கு மேல் புருஷனுடைய முழுக்கை சட்டை. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே தலையை நீட்டினாள்.

"இவங்கள்லாம் என்னா வேலை பாத்தவங்கம்மா?"

"மில்லுல வேலை பாத்துக்கினே ஆடினவங்கக்கா."

"அப்ப நாங்க மட்டும் என்னாவாம்? நாங்களும் உப்பு வாரிக்கினேதான் கபடி ஆடினோம். கலெக்டர் கையால கப்பு வாங்கினோம். ஞானாம்பா ரெய்டு, நான் கேட்ச்சு. எங்கள அட்டையில போட மாட்டியா?"

வைஜெயந்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இத்தனை வருஷம் செல்லம்மாளைத் தினமும் பார்க்கிறாள். கபடி ஆடினவள் என்று தெரியாது.

"போட்டோ இருக்குதாக்கா?"

"எங்கள யாரு போட்டோ புடிச்சா? கப்ப மட்டும் புடிச்சாங்க."

ஆடின காலத்துப் படம் என்று டீமில் யாரிடமும் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் கல்யாண போட்டோதான். வைஜெயந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். இப்போது நிற்க வைத்துப் படம் எடுத்து, கல்யாண போட்டோவில் இருக்கிற முகத்தை அதன் மேல் வைத்தால் வயசு குறைந்துவிடும். முதலில் செல்லம்மாளுக்குச் செய்து காட்டினாள். வேலை சுத்தமாக இருந்தது. ஒட்டினது தெரியவே இல்லை. செல்லம்மாள் திரையைப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வேணாம்மா இது."

"ஏங்கக்கா? அழகாத்தான இருக்கீங்க?"

"அழகாத்தான் இருக்குது. ஆனா இது பயந்த மூஞ்சி. அன்னிக்குப் புது ஊருக்குப் போறோமேன்னு தலையத் தூக்காம உக்காந்திருந்தேன். இந்த மூஞ்சி எவ காலையும் புடிக்காது."

வைஜெயந்தி மறுபடி பார்த்தாள். கபடிக்காரி உடம்பின் மேல், தாலி கட்டின அன்றைக்குத் தலை குனிந்த முகம். அவள் சிரித்துக்கொண்டே அந்த முகத்தை அழித்தாள்.

"அப்ப இப்ப இருக்கிற மூஞ்சியே போதுமாக்கா?"

"நான் புடிக்கும்போது எப்பிடி இருக்குதோ, அதப் போடு."

அப்படியானால் ஆடிக் காட்ட வேண்டும். வேலை விட்ட பிறகு, கழுவெளி ஏரி ஓரத்தில் காய்ந்த மணலில் எல்லாரும் கூடினார்கள். டீமில் ஆடின அமுதவல்லி, கல்யாணமாகிப் போன கிளியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். சும்மா நின்று போஸ் கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஞானாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கபடி கபடி" என்று கோட்டைத் தாண்டினாள். போட்டோவுக்குத்தானே என்று மெதுவாகத்தான் வந்தாள். ஆனால் குனிந்ததும் செல்லம்மாளின் கண் மாறிவிட்டது. அடுத்த நிமிஷம் ஞானாம்பாளின் கணுக்கால் செல்லம்மாளின் கைக்குள். மணல் பறந்தது. மேலே ரெண்டு பேர் வந்து விழுந்தார்கள். அடியிலிருந்து ஞானாம்பாள், "விடுடி பாவி, போட்டோதான்டி எடுக்கறாங்க!" என்று கத்தினாள். செல்லம்மாள் விடவில்லை. ஞானாம்பாள் அவுட் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் விட்டாள்.

அதற்கப்புறம் யாரும் போஸ் கொடுக்கவில்லை. ஆட்டமே நடந்தது. வரப்பில் நின்றிருந்த ஆம்பளைகள் விசில் அடித்தார்கள். அமுதவல்லியின் வளையல் உடைந்தது. வைஜெயந்தி மணலில் முட்டி போட்டு, படுத்து, ஓடி ஓடிப் படம் எடுத்தாள். அர்ச்சுனன், "நீ பாத்து, உன்னையும் அவுட்டாக்கிடப் போறாங்க" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தான்.

அட்டைகள் பொங்கல் விளையாட்டு விழாவுக்குத் தயாராகிவிட்டன. பின்னால் அதே உப்பள வானம். முன்னால் முழுக்கை சட்டையும் செருகின புடவையுமாக அந்தப் பெண்கள். காலர் வைத்த அந்தச் சட்டைகள், மில்காரர்களின் ஆட்டச் சட்டைகளுக்குக் கொஞ்சமும் குறைவாகத் தெரியவில்லை. செல்லம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, நரைமுடி பறக்க, கையில் ஒரு காலோடு இருந்தாள். பின்பக்கத்தில், 'செல்லம்மாள். கேட்சர். வலது கை. கணுக்கால் பிடி. தொழில்: உப்பளம்' என்று போட்டிருந்தது. மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தார்கள். செல்லம்மாள் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுதாம்மா நானு" என்று வைஜெயந்தியின் கன்னத்தைக் கிள்ளினாள். மிச்சத்தைக் கூட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வைஜெயந்தி ஒரு செட்டை ஹெரால்டுக்கும் மெயிலில் அனுப்பினாள். அவர் அங்கேயே பிரிண்ட் போட்டு, ஊர் லைப்ரரியில் மில் டீமுக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருப்பதாகப் படம் வந்தது.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஞானாம்பாள் கடைக்குள் கோபமாக நுழைந்தாள்.

"ஏம்மா, நீ என்னாத்த எழுதி வச்ச அட்டையில?"

"ஏங்கக்கா, தப்பா எதுனா வந்துடுச்சா?"

"பஸ் ஸ்டாப்புல உம் பொண்ணு வினோதினியும் அது கூட்டாளிங்களும் அட்டைய மாத்திக்கினு இருக்குதுங்க. ஒரு செல்லம்மாவுக்கு ரெண்டு ஞானாம்பாவாம்! ரெண்டு பேரு சேந்தாத்தான் அவளுக்குச் சமமா நானு?"

வைஜெயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாலமன் அண்ணன் திரும்பி நின்று மெஷினைத் துடைக்கிற மாதிரி நடித்தார்.

"அவங்க அட்டை கம்மியா பிரிண்ட் ஆயிடுச்சுக்கா. அதான் கிராக்கி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ரெய்டு போயி மூணு பேரத் தொட்டுட்டு வர்ற மாதிரி ஒண்ணு போடு. இந்தத் தடவ அவ கையில எங்காலு இருக்கக் கூடாது."

"அதுக்கு மறுபடி ஆடணுமேக்கா."

ஞானாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள்.

"ஞாயித்துக்கெழம வா" என்று சொல்லிவிட்டு, செல்லம்மாளிடம் சொல்வதற்காக உப்பளத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.